பார்வையற்ற மாணவரும் தமிழ்ப் பனுவலும்: ரந்தாவ் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகராகிய சிரம்பானுக்குத் தெற்கே, லிங்கிக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள சிற்றூர் ரந்தாவ். இவ்வூரைச் சூழ்ந்து ஒரு காலத்தில் பால்மரக் காடுகள் பரந்து கிடந்தன. இன்று அந்நிலத்தில் பெரும்பாலும் செம்பனையே நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயன் வீடுகளில் வாழ்ந்தோர் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த பின்னரும், லின்சம் போன்ற தோட்டங்களின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. இவ்வட்டாரத்தில் பிறந்த பார்வையற்ற தமிழ்க் குழந்தை ஒன்று வளர்ந்து, உயர்கல்விக்கூடம் வரை வந்து, தமிழை ஒரு துறையாகவோ பாடமாகவோ பயில விரும்பினால், அதற்குக் கைகொடுக்கும் தொழில்நுட்பம் எந்த அளவில் ஆயத்தமாக உள்ளது? இக்கட்டுரை ஆராய முற்படுவது இவ்வினாவையே. குறிப்பிட்ட ஒரு மாணவரைப் பற்றிய ஆய்வாக இதனை நாம் அமைக்கவில்லை. தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழக நூலகம் வரை நீளும் பாதையில் தமிழ் எங்கெங்கே தடைப்படுகிறது என்பதைக் காட்டுவதே நம் நோக்கம்.

மாற்றுத் திறனாளி மாணவர்க்கான உதவிக் கருவிகளைப் பற்றி எழுதுவோர் பலரும் கருவிகளின் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். கருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் நிருவாகத்தாரிடமும் காணப்படுகிறது. தமிழைப் பொறுத்தவரை சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கருவிகளுள் பெரும்பாலானவை இன்று விலையின்றியே கிடைக்கின்றன. அவற்றுக்கு ஊட்டத்தக்க தமிழ்ப் பனுவல் இல்லாமையே பெருங்குறை. அக்குறையில் கணினி வல்லுநரின் பங்கைவிடத் தமிழ் கற்பிப்போராகிய நம் பங்கு மிகுதி என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஏழு வயதில் பிரியும் பாதை

லின்சம் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அண்டை வீட்டுப் பிள்ளை செல்லும் வயதில், பார்வையற்ற பிள்ளை வேறு திசையில் பயணப்பட நேர்கிறது. மலேசியாவில் பார்வையற்றோர் கல்வி தொடக்கத்தில் சமயத் தொண்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. பினாங்கின் செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் தோன்றியது. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் அமைந்தது; கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் அதன் வளாகத்தை நம்மில் பலர் அறிவர். ஜோகூர் பாருவிலுள்ள பிரின்சஸ் எலிசபெத் பள்ளி தொடக்கக் கல்விக்கும், செத்தாப்பாக்கிலுள்ள சிறப்புக் கல்விப் பள்ளி இடைநிலைக் கல்விக்கும் பெயர்பெற்றவை. இப்போது வழக்கமான பள்ளிகளுக்குள்ளேயே சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்புகளும் நடைபெறுகின்றன. எனினும் ரந்தாவிலிருந்து ஜோகூர் பாரு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. ஏழு வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் பெற்றோரின் மனநிலையை ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை.

நாம் சுட்ட விரும்புவது மொழி குறித்த ஒன்று. அப்பள்ளிகளின் பயிற்றுமொழி மலாய். பிள்ளை மலாய்ப் பிரெயிலையும் ஆங்கிலப் பிரெயிலையும் முறையாகக் கற்கிறது. தமிழ்ப் பிரெயில் கற்கும் வாய்ப்பு அங்குத் தானாக அமைவதில்லை. விடுமுறைக்கு வீடு திரும்பும்போது பாட்டியின் பேச்சிலும் வானொலியிலும் கோயில் பாட்டிலும் தமிழ் கேட்கிறது. ஆகவே அப்பிள்ளையிடம் தமிழ் உண்டு, ஆனால் அது செவித்தமிழ் மட்டுமே. எழுத்துத்தமிழ் என்னும் நிலம் அதற்கு அறவே அறிமுகமாகாமல் போகலாம். பார்வையுள்ள தோட்டப்புறப் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி ஆறாண்டுகளில் அளிக்கும் செல்வத்தை இப்பிள்ளை உயர்கல்விக்கு வந்த பிறகு, 20 வயதை நெருங்கும்போது, புதிதாகத் தேட வேண்டியுள்ளது. அத்தேடலுக்கு இன்று கணினியும் கைப்பேசியும் வழி திறந்துள்ளன.

முதலெழுத்தும் ஆறு புள்ளிகளும்

தமிழ்ப் பிரெயில் பற்றித் தமிழாசிரியர்களிடையே போதிய அறிமுகம் இல்லாமையால் அதனைச் சற்று விரிவாகவே விளக்குவது தகும். பிரான்சு நாட்டு லூயி பிரெயில் (1809–1852) வகுத்த முறையில், ஓர் எழுத்துக் கட்டம் இரு நிரலில் மும்மூன்றாக ஆறு புள்ளிகளைக் கொண்டது. எழும்பிய புள்ளிகளின் சேர்க்கையால் 63 குறிகள் பிறக்கும். 247 எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு 63 குறிகள் எப்படிப் போதும் என்ற ஐயம் எழுவது இயல்பு. விடை இலக்கண நூலார் ஏற்கெனவே தந்ததுதான். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டுமே முதலெழுத்து. உயிர்மெய் அவற்றின் கூட்டு. பிரெயில் அக்கூட்டைப் பிரித்தே எழுதுகிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஆஸ்குவித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி நடத்தித் தமிழைப் புள்ளியெழுத்தில் கற்பித்தார். அக்காலத்து இந்தியாவில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல புள்ளியெழுத்து முறைகள் வழங்கின. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதன்படி க என்பதற்கு 1, 3 ஆகிய புள்ளிகள். ம என்பதற்கு 1, 3, 4. த என்பதற்கு 2, 3, 4, 5. ஆங்கிலத்தின் கே, எம், டி ஆகியவற்றுக்குரிய குறிகளே இவை. எனவே ஆங்கிலப் பிரெயில் அறிந்த மாணவர் தமிழ்ப் பிரெயிலின் கணிசமான பகுதியை முன்னரே அறிந்தவராகிறார். செத்தாப்பாக்கில் பயின்று வரும் மாணவருக்கு இது சிறிய நன்மையன்று. புதிதாகக் கற்க வேண்டியவை சில உயிர்களும் ழ, ள, ற, ன, ண போன்ற சில மெய்களுமே.

எழுதும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. மெய்க்குறி தனித்து நின்றால் அகரம் ஏறிய உயிர்மெய்யாகும். வேறு உயிர் ஏறினால் அவ்வுயிரின் குறி மெய்யை அடுத்து வரும். தூய மெய்யாயின் அதற்கு முன் நான்காம் புள்ளி மட்டும் கொண்ட கட்டம் ஒன்று வரும். அச்சில் மெய்யின் தலைமேல் அமரும் புள்ளி, பிரெயிலில் மெய்க்கு முன்னே நடக்கிறது எனலாம். ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இ, புள்ளி, ழ என ஐந்து கட்டங்களாக அமையும். அச்சில் ‘கொ’ என்பதன் ஒகரக் குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. பிரெயிலில் க, ஒ என்று ஒலிப்பு வரிசையிலேயே நிற்கிறது. அச்செழுத்தைவிடப் புள்ளியெழுத்தே நம் இலக்கண மரபின் எழுத்துக் கொள்கைக்கு நெருங்கியது என்று நமக்குத் தோன்றுகிறது. உயிரும் உயிரும் அடுத்து நில்லாமல் உடம்படுமெய் இடையே தோன்றும் மொழியாதலால், இவ்வரிசை முறையில் மயக்கம் நேர்வதற்கும் தமிழில் இடம் குறைவு.

செவி மட்டும் போதாது

ஒலிவடிவில் எல்லாம் கிடைக்கும் இக்காலத்தில் பிரெயில் எதற்கு என்று கேட்போர் உண்டு. தமிழாசிரியர்கள் இக்கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். ‘முந்நூறு’ என்பதும் ‘முன்னூறு’ என்பதும் செவிக்கு ஒன்றே. ‘அந்நாள்’, ‘அன்னாள்’ என்பனவும் அவ்வாறே. ‘அரை’, ‘அறை’ ஆகியவற்றின் வேறுபாட்டைத் தம் பேச்சில் காப்போர் இன்று அரியர். லகர ளகர ழகரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. காதால் மட்டும் தமிழ் கற்ற மாணவர், எவ்வளவு நுண்ணறிவுடையவராயினும், எழுத்துப்பிழை நீங்க எழுதுவதற்குச் செவி அவருக்குச் சான்று தராது. விரல் தரும். நகரத்துக்கு 1, 3, 4, 5. னகரத்துக்கு 5, 6. ணகரத்துக்கு 3, 4, 5, 6 என்று மூன்றும் தொட்ட அளவிலேயே வேறுபடுகின்றன. ரகர றகரங்களும் அப்படியே. பட்டப்படிப்பில் தமிழைப் பாடமாகக் கொள்ளும் மாணவருக்குப் பிரெயில் இன்றியமையாதது என்று நாம் கருதுவதற்குக் காரணம் இதுவே. பிறதுறை மாணவர் ஒலியோடு நிறைவடையலாம்.

கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் பிரெயில் காட்டிகள் உள்ளன. சிறு ஊசிமுனைகள் எழும்பித் தாழ்ந்து ஒவ்வொரு வரியாக விரலுக்குத் தருபவை அவை. நெடுங்காலம் அவற்றின் விலை தோட்டப்புறக் குடும்பம் எண்ணியும் பார்க்க முடியாததாக இருந்தது. 2010களின் பிற்பகுதியில் ஆர்பிட் ரீடர் போன்ற 20 கட்டக் கருவிகள் வந்தபின் நிலை ஓரளவு மாறியது. ஆயினும் இன்றும் அது மாணவர் தம் கைப்பணத்தில் வாங்கும் பொருளன்று. கல்விக்கூடம் வாங்கி இரவல் தர வேண்டிய பொருள். கணினியிலுள்ள தமிழைப் பிரெயிலாக மாற்றும் வேலையை லிப்லூயி என்னும் கட்டற்ற மென்பொருள் செய்கிறது. அதில் தமிழுக்கான அட்டவணை இடம்பெற்றுள்ளது.

திரைபடிப்பானும் எழுத்துருவும்

இனி நாம் கூற வருவது இக்கட்டுரையின் மையப்பொருள். கணினித் திரையிலுள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளைத் திரைபடிப்பான் என்கிறோம். ஜாஸ் என்ற வணிக மென்பொருள் 1989 முதல் வழங்கி வருகிறது. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமே பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பானை எழுதத் தொடங்கினார். விலையில்லாமல் எவரும் இறக்கிப் பயன்படுத்தலாம் என்பதால் ஏழை நாடுகளின் மாணவர்க்கு அது பெருங்கொடையாயிற்று. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்னும் பேச்சுத் தொகுப்பியில் தமிழும் ஒன்று. குரல் இயந்திரத்தன்மையுடையதுதான்; புதிதாகக் கேட்போர் முகம் சுளிப்பர். ஆனால் அது மிகச் சிறிய மென்பொருள். பழைய கணினியிலும் இணையத் தொடர்பின்றியும் ஓடும். பழகியவர்கள் நாம் பின்தொடர இயலாத வேகத்தில் அதனைக் கேட்டு விளங்கிக்கொள்வர். இணையம் நிலையாகக் கிட்டாத வீட்டிலிருந்து படிக்க வேண்டிய மாணவருக்கு இப்பண்புகள் இனிய குரலைவிடப் பெரிது. ஆண்டிராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்ற திரைபடிப்பானும் இயல்பான தமிழ்க் குரலும் கிடைக்கின்றன.

இத்தகைய திரைபடிப்பானிடம் நம் வகுப்புக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தால் என்ன நிகழும்? ஒருங்குறியில் தட்டச்சு செய்த குறிப்பாயின் தமிழாகப் படிக்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததாயின், ‘தமிழ்’ என்று நாம் திரையில் காணும் சொல்லை அது ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று படிக்கும். காரணம் எளியது. அவ்வகை எழுத்துருவில் கணினி சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளையே. அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டுள்ளது. கண்ணுக்குப் போர்வை தெரிகிறது. திரைபடிப்பானுக்குப் போர்வை தெரியாது, உள்ளிருப்பதே தெரியும்.

இதன் வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூரலாம். கணித்தமிழின் தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் குறியேற்றம் வகுத்துக்கொண்டது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பரவலாயிற்று. 1990களின் இறுதியில் உலகத் தமிழ் வல்லுநர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசித் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற வேறு இரு குறியேற்றங்களை ஏற்றது. 2001இல் கோலாலம்பூரிலும் தமிழிணைய மாநாடு நிகழ்ந்தது. ஒருங்குறியிலோ 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழ்நாட்டு அரசு 2010இல் அதனைத் தரமாக அறிவித்தது. எழுத்துருப் பூசல்களில் நாம் செலவிட்ட இருபதாண்டுக் காலத்தில், பார்வையற்ற மாணவரின் பக்கமிருந்து இச்சிக்கலை நோக்கியோர் மிகச் சிலரே. அறிஞர்களின் வாதங்கள் பெரும்பாலும் அச்சழகையும் வரிசைப்படுத்தலையும் கோப்பின் அளவையும் பற்றியனவாகவே இருந்தன.

திஸ்கியில் அமைந்த பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது இன்னொரு நுட்பம் எதிர்ப்படுகிறது. திஸ்கி, கண் காணும் வரிசையில் எழுத்துக் கூறுகளைச் சேமித்தது. ‘கொ’ என்பது ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று கூறுகளாக அதில் கிடக்கும். ஒருங்குறி ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அடுத்தும் வைக்கும். மாற்றி மென்பொருள் கொம்பை எடுத்து இடம் மாற்றி, காலோடு சேர்த்து ஒன்றாக்க வேண்டும். நல்ல மாற்றிகள் இதனைப் பிழையின்றிச் செய்கின்றன. ஆகவே பழைய வேர்டு கோப்பு கையிலிருப்பின் கவலை இல்லை. சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். மூலக் கோப்பு தொலைந்து பி.டி.எஃப். மட்டும் எஞ்சியிருக்கும் இடத்தில்தான் துன்பம் தொடங்குகிறது.

பி.டி.எஃப். கோப்பு பக்கத்தின் தோற்றத்தைக் காப்பதற்கென உருவானது. ஒருங்குறியில் எழுதி பி.டி.எஃப். ஆக்கிய தமிழ்க் கட்டுரையிலிருந்துகூட எழுத்துகளை மீட்டெடுக்கையில் கொம்புகள் தனியே பிரிவதும், சில உயிர்மெய்கள் மறைவதும் அடிக்கடி நிகழ்கின்றன. திரைபடிப்பான் அச்சிதைவையே படிக்கும். வகுப்புக் குறிப்புகளை பி.டி.எஃப். ஆக மட்டும் மாணவர்க்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. வேர்டு கோப்பையும் உடன் அனுப்புவதற்குச் செலவோ பயிற்சியோ தேவையில்லை.

நூலகத்து ஏடுகள்

அச்சு நூல்களின் நிலை வேறு. அவற்றை வருடியெடுத்த படம் திரைபடிப்பானுக்கு வெற்றுப் படமே. எழுத்துணரி என்னும் மென்பொருள் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தர வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் உருவாக்கிய தமிழ் எழுத்துணரி, தமிழ்நாட்டில் பாடநூல்களைப் பிரெயிலாக்கும் பணிக்குப் பயன்பட்டது. கூகுள் தரும் எழுத்துணரி வசதியும், டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் தமிழை அறிகின்றன. தெளிவான புதிய அச்சாயின் விளைவு நிறைவளிப்பதாகவே உள்ளது.

ஆனால் தமிழ்த்துறை மாணவர் தேடுவது புதிய அச்சை மட்டுமன்று. எழுத்துச் சீர்திருத்தம் தமிழ்நாட்டில் 1978இல் அரசாணையாகி, பின்னர் மலேசியாவிலும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துகள் பழைய வடிவில் நிற்கின்றன. புதிய வடிவைக் கொண்டு பயிற்றிய எழுத்துணரி இவற்றில் தடுமாறும். ரகரமும் ‘ஆ’காரக் காலும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலிருப்பது வேறொரு தொல்லை. மங்கிய தாள், ஈயெழுத்தின் தேய்வு, மறுபக்கத்து மையின் ஊறல் ஆகியன சேரும்போது, எழுத்துணரி தந்ததை ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆக வேண்டும். பாடவேறுபாடு காணப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இதனைவிடப் பொருத்தமான பயிற்சி வேறில்லை என்பது நம் கருத்து. ஓர் ஏட்டைப் பதிப்பிக்கும் முறைமையே இங்கும் வேண்டப்படுகிறது. இளங்கலை மாணவர் பத்துப் பேர் ஒரு பருவத்தில் ஆளுக்கொரு இயல் திருத்தினால் ஒரு நூல் கிடைத்துவிடும்.

உரிமைச் சிக்கல் பற்றி அஞ்சுவோர்க்கு ஒன்று கூறலாம். பார்வையற்றோர்க்கென நூல்களை அணுகத்தக்க வடிவில் ஆக்குவதற்கு வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவாகி 2016இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதனை முதன்முதலில் ஏற்ற நாடு. மலேசியா 2022இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. இந்தியாவில் 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் இந்திய மொழி நூல்களையும் வழங்கி வருகிறது. இரு நாடுகளும் உடன்படிக்கையில் உள்ளமையால், அங்கு ஒருமுறை ஆக்கிய தமிழ் நூலை அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியாக இங்குப் பெறுவதற்குச் சட்டம் குறுக்கே நில்லாது. உரிமைச் சிக்கல் இல்லாத பழைய இலக்கியங்களுக்கு மதுரைத் திட்டம் முன்னரே வழி செய்துள்ளது. 1998இல் தொடங்கிய அத்திட்டத்தின் தன்னார்வலர்கள் பார்வையற்றோரை மனத்திற்கொண்டு அதனைத் தொடங்கவில்லை. ஆயினும் படமாக அன்றி எழுத்தாகவே தட்டச்சு செய்து வைத்தமையால், இன்று பார்வையற்ற மாணவர் ஒருவர் சங்க இலக்கியத்தைத் தாமே திறந்து கேட்க முடிகிறது.

செய்யுளைப் படிக்கும் இயந்திரம்

கேட்க முடிகிறது என்றோம். விளங்குமாறு கேட்க முடிகிறதா என்பது வேறு. தமிழெழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வரிவடிவம். ஒலியோ இடத்துக்கேற்ப மாறும். பக்கம், பங்கு, பகல் என்பவற்றில் ககரம் மூவகையாக ஒலிக்கிறது. இவை விதிக்குட்பட்டவை, ஆதலால் தொகுப்பி நன்றாகவே கையாள்கிறது. பிறமொழிச் சொற்களும் பெயர்களும் விதிக்குள் அடங்குவதில்லை. விதிகளை மட்டும் நம்பும் தொகுப்பி ‘பாரதி’ என்பதன் பகரத்தைப் ‘பாட்டு’ என்பதன் பகரம்போல் ஒலிக்கும். மலாய் ஊர்ப்பெயர்களும் விருதுப்பெயர்களும் நிறைந்த மலேசியத் தமிழில் இது இன்னும் மிகுதி. கேட்பவர் பழகிக்கொள்வார். ஒரே கோப்பில் தமிழும் மலாயும் உரோமன் எழுத்தில் கலந்து வரும்போது, எப்பகுதி எம்மொழி என்று கோப்பில் குறித்திருந்தால்தான் திரைபடிப்பான் தானாகக் குரல் மாற்றும். வேர்டு மென்பொருளில் பத்தியைத் தெரிவு செய்து மொழியைக் குறிப்பது ஒரு கணத்து வேலை.

செய்யுள் வேறு வகையான சோதனை. அச்சில் செய்யுளைச் சீர் பிரித்து எழுதுகிறோம். சீர் எல்லையும் சொல் எல்லையும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் உடல் அடுத்த சீரிலும் கிடக்கும். கண் அவ்விரண்டையும் நொடியில் சேர்த்துக்கொள்ளும். திரைபடிப்பானோ இரண்டு பொருளற்ற துண்டுகளாக ஒலிக்கும். ‘ஓஒதல்’ போன்ற அளபெடைச் சொல்லில் நீண்டிசைக்க வேண்டிய உயிரை அது அறுத்து இருமுறை ஒலிக்கும். யாப்பைப் பயிலும் மாணவருக்குச் சீர் பிரித்த வடிவம் கட்டாயம் வேண்டும். பொருளறிய முனையும் அதே மாணவருக்குப் பதம் பிரித்த வடிவமும் வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துத் தருவது பழைய உரைப்பதிப்புகள் சிலவற்றில் உள்ள வழக்கமே. அவ்வழக்கத்தை மீட்பது பார்வையுள்ள மாணவருக்கும் இடையூறாகாது.

எழுதுவதைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். தமிழ்99 விசைப்பலகை பார்வையற்றோர்க்கு ஏற்றது. உயிர்கள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமுமாக அமைந்து, முதலெழுத்துகளைக் கொண்டே அனைத்தையும் எழுத முடிவதால் பிரெயில் பழகிய விரலுக்கு அது எளிதில் கைவரும். உரோமன் எழுத்து வழியே தமிழ் எழுதும் அஞ்சல் முறை மலேசியாவில் மிகவும் பழகியது. அதில் ந, ன, ண வேறுபாட்டுக்கு மேல்விசையையும் வேறு விசைகளையும் நினைவில் வைக்க வேண்டியிருப்பினும், ஆங்கில விசைப்பலகையில் தேர்ந்த மாணவர் அதனையே விரும்பக்கூடும். தெரிவு அவருடையது. கைகளை இயக்க இயலாத மாணவர்க்குக் குரல்வழித் தட்டச்சு உதவுகிறது. கூகுள் அவ்வசதியைத் தமிழுக்கு 2017இல் விரிவாக்கியது. இங்கு நம் மொழியின் இரட்டை வழக்கு குறுக்கிடுகிறது. ஆய்வேட்டுக்குரிய எழுத்துநடையைப் பெற வேண்டுமாயின் அந்நடையிலேயே ஒலித்துச் சொல்ல வேண்டும். மேடைத்தமிழ் பேசுவது போன்ற அப்பயிற்சி முதலில் நாணத்தைத் தரும். செவிப்புலன் குறைந்த மாணவரின் நிலை தனிக்கட்டுரைக்குரியது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் மலேசியச் சைகைமொழியை ஏற்றுள்ளது. அச்சைகைமொழி வழியே கற்கும் தமிழ் மாணவருக்குத் தமிழ் எழுத்து வடிவில் மட்டுமே வந்து சேரும். நம் காணொளி விரிவுரைகளில் தமிழ் எழுத்துரை இல்லையெனில் அதுவும் இல்லை.

சட்டமும் துறையும்

மாற்றுத் திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 28ஆம் பிரிவு, மாற்றுத் திறனாளிகளைக் கல்வியினின்றும் விலக்கலாகாது என்பதோடு, கற்பித்தல் பொருள்கள், கருவிகள், பாடத்திட்டம் ஆகியவற்றில் தக்க ஏற்பாடுகளைச் செய்யுமாறு அரசுக் கல்வி நிலையங்களையும் தனியார் நிலையங்களையும் பணிக்கிறது. மீறுவோர்க்குத் தண்டனை வகுக்கவில்லை என்ற குறை அச்சட்டத்தின்மீது தொடர்ந்து கூறப்பட்டு வருகிறது. 2010இல் மலேசியா ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் ஏற்புறுதி செய்தது. பல்கலைக்கழகங்களில் மாற்றுத் திறனாளி மாணவர்க்கான பிரிவுகள் இயங்குகின்றன. அவை மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள நூல்களை மாற்றித் தர இயலும். தமிழ் நூல் வந்தால் அது எழுத்துப் பிழையின்றி மாறியுள்ளதா என்று பார்க்க அங்கு ஆளிருப்பது அரிது. அப்பொறுப்பு தமிழ்த்துறையின் வாயிலுக்கே வந்து நிற்கும். வேறெவரும் அதனைச் செய்ய இயலாது.

ரந்தாவிலிருந்து வரும் நம் மாணவரிடம் மீள்வோம். முதற்பருவத்தில் அவருக்கு வேண்டுவன இவை: ஒருங்குறியில் அமைந்த குறிப்புகள், தலைப்புகளைத் தலைப்பு நடையிலேயே குறித்த கோப்புகள், படங்களுக்கும் மர வரைபடங்களுக்கும் ஓரிரு வரி விளக்கம், பாடநூற் பட்டியலைப் பருவம் தொடங்குவதற்கு ஆறேழு வாரம் முன்னரே பெறும் வாய்ப்பு, தமிழ்ப் பிரெயில் கற்றுக்கொள்ளச் சில வார வழிகாட்டல். தலைப்பு நடை என்பது அழகுக்கானதன்று. பெரிய தடித்த எழுத்தால் தலைப்பிட்டால் கண்ணுக்கு மட்டுமே தலைப்பு. மென்பொருளின் தலைப்பு நடையைப் பயன்படுத்தினால் மாணவர் ஒரு விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். இல்லையேல் அறுபது பக்கக் கோப்பை முதலிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும்.

பாடநூற் பட்டியலை முன்கூட்டித் தருவதே இவற்றுள் கடினமானது என்று அனுபவமுடைய விரிவுரையாளர் அனைவரும் ஒப்புவர். பருவம் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் நூலை மாற்றுவது நமக்குப் பழக்கம். வருடி, எழுத்துணர்ந்து, ஒப்பிட்டுத் திருத்தி, பிரெயிலாக்க ஒரு நூலுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். நாம் நூலை மாற்றும் நாளில் அம்மாணவரின் வாரங்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றன.

இன்னொரு பணியும் துறைகளின் முன் உள்ளது. மலேசியத் தமிழிலக்கியம் பற்றிய ஆய்வுகள், கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகள், துறை இதழ்களின் பழைய மலர்கள் ஆகியன பெரும்பாலும் ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றின் மூலக் கோப்புகள் ஆசிரியர்களின் பழைய கணினிகளிலும் வட்டுகளிலும் அச்சகத்தார் கையிலும் சிதறிக் கிடக்கின்றன. வட்டுகள் ஆண்டுதோறும் பழுதாகி வருகின்றன. அவற்றைப் படிக்கும் இயந்திரங்களும் அருகி வருகின்றன. தோட்டத் துண்டாடலைப் பற்றியும் லயன் வாழ்க்கையைப் பற்றியும் எழுதப்பட்ட ஆய்வுகளை, அவ்வாழ்க்கையின் வழித்தோன்றலாகிய மாணவர் ஒருவர் பிறர் துணையின்றிப் படிக்க வேண்டுமாயின், கோப்பு கையிலிருக்கும்போதே மாற்றியாக வேண்டும். துறைதோறும் ஓர் ஆசிரியர், ஒரு மாணவர் குழு, ஒரு குறியேற்ற மாற்றி என்ற அளவில் வரும் விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்கலாம். முதலில் தேட வேண்டியவை 1990களின் வட்டுகள்.